பல்பு மாட்டுவதும் பல்பு வாங்குவதும்

போன ஞாயிறு கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு அப்பா, மகனைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரி லாசுப்பேட்டையில் என் வீட்டுக்கு வந்தார். பையன் பைலட் லைசென்ஸ் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. இப்போது அப்பாவின் பெயின்ட் கடையில் பில் போடுகிறான். வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. "நீங்க முப்பது வருஷம் ஓட்டினவரு சார். யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொன்னா வேலை கிடைச்சிடாதா?" என்றார். கிடைக்காது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காபி கொடுத்தேன். இந்த வருடத்தில் இது நான்காவது குடும்பம்.

பேச்சை மாற்ற, பைலட்டுகள் தங்களையே கிண்டலடித்துக்கொள்ளும் பல்பு ஜோக்குகளைச் சொன்னேன். ஒரு பல்பு மாட்ட எத்தனை கேப்டன் வேண்டும்? ஒருவர் போதும். அவர் பல்பைப் பிடித்தபடி நிற்பார், உலகம் அவரைச் சுற்றும். எத்தனை கோ-பைலட்? தெரியாது, அவனிடம் யாரும் கேட்டதில்லை. புதிதாக லைசென்ஸ் வாங்கியவன்? ஒருவன் போதும். ஆனால் அந்த மாடல் பல்புக்கென்று தனியாகப் படித்து, அதற்கும் பணம் கட்டி, ஏணி காலியாகும்வரை வரிசையில் நிற்க வேண்டும். அப்பா சிரித்தார். பையன் சிரிக்கவில்லை. "நான் மாட்டல சார், வாங்கிட்டேன்" என்றான்.

அந்த மூன்றாவது ஜோக்கில் இருக்கும் உண்மை, பைலட் படிப்புக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட் நீட்டும் வழவழ நோட்டீஸில் இல்லை.

கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வேலைக்கான ஆர்டர் அல்ல. மறுபடி சொல்கிறேன், ஆர்டர் அல்ல. 200 மணி நேரம் பறந்து, விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் தேர்வுகளில் தேறி வாங்கும் தகுதிச் சான்று, அவ்வளவுதான். சட்டம் படித்து முடித்தவன் வீட்டு வாசலில் கட்சிக்காரர்கள் வரிசைகட்டி நிற்கிறார்களா என்ன? அந்த மணி நேரமும் பெரும்பாலும் செஸ்னா போன்ற குட்டி விமானத்தில் கழிந்தது. நம் லாசுப்பேட்டை விமான நிலையத்தில் வந்திறங்கும் ஏ.டி.ஆர். என்ற இறக்கை விசிறி விமானத்தை அதை வைத்து ஓட்ட முடியாது, அதற்குத் தனியாக டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்துக்கென்றே ஒரு தகுதி, வேண்டும். ஏ.டி.ஆர். ரேட்டிங்கோடு ஏர்பஸ்ஸில் போய் உட்காரவும் முடியாது, அது வேறு ரேட்டிங். காத்திருக்கும் காலத்தில், வெளியே ஒன்றும் தெரியாதபோது கருவிகளைப் பார்த்தே ஓட்டுவதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் ஒரே வருடத்தில் காலாவதியாகிவிடும். மஞ்சக்குப்பத்துப் பையன் அதை ஒருமுறை புதுப்பித்தான். அடுத்த முறை அப்பாவிடம் பணம் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டான்.

"பைலட் தட்டுப்பாடுன்னு பேப்பர்ல போடுறானே சார்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். தட்டுப்பாடு கேப்டன்களுக்கு, ஐயா! அந்த நாற்காலிக்கான லைசென்ஸுக்கு 1500 மணி நேரம் வேண்டும். உங்கள் மகனிடம் இருப்பது 200. கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019-இல், கோ ஃபர்ஸ்ட் 2023-இல். ஒவ்வொன்றும் நின்றபோது ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்கள் வேலை தேடி வந்து, வரிசையில் உங்கள் மகனுக்கு முன்னால் நின்றார்கள்.

கேப்டன் ஜோக்குக்கு இப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. 1972 டிசம்பர் 29, அமெரிக்காவின் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் 401. மயாமியில் இறங்கப்போகும் நேரத்தில் முன்சக்கரத்துக்கான சின்ன விளக்கு எரியவில்லை. காக்பிட்டில் மூன்று பேர், கூட வந்த கம்பெனி ஆள் ஒருவர், எல்லோருடைய கவனமும் அந்தப் பல்பில். ஆட்டோபைலட் உயரத்தை விட்டுக்கொடுத்து விமானம் மெல்ல இறங்குவதை ஒருவரும் பார்க்கவில்லை. சதுப்பு நிலத்தில் விழுந்து 101 பேர் செத்தார்கள். சக்கரம் ஒழுங்காகத்தான் இறங்கியிருந்தது. இதுபோன்ற விபத்துகளால்தான் இன்று வேலைக்கான தேர்வில் கை எவ்வளவு நேர்த்தி என்பதோடு, பக்கத்தில் இருப்பவன் சொல்வதைக் காதில் வாங்குகிறானா, சீனியர் தப்புப் பண்ணினால் வாய் திறக்கிறானா என்றும் பார்க்கிறார்கள். யூனிஃபார்ம் போட்டு ரீல்ஸ் எடுக்கும் தம்பிகள் இதைப் படித்தால் தேவலை.

ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன் பைலட்டுக்கான மருத்துவப் பரிசோதனையான கிளாஸ் ஒன் மெடிக்கல் முடியுங்கள். கண்ணாடி போட்டால் பைலட் ஆக முடியாது என்பது பழைய புரளி. கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறம் பிரித்துப் பார்க்க முடியாவிட்டால்தான் சிக்கல், அதைப் பணம் கட்டிய பிறகா கண்டுபிடிப்பது? பயிற்சிப் பள்ளி டி.ஜி.சி.ஏ. பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், ஏஜென்ட் சொன்னான் என்று நம்பாதீர்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். பறந்த மணிக்கு ஏற்பத் தவணையாகக் கொடுங்கள். வெளிநாட்டில் படித்தால் திரும்பி வந்து இங்கே லைசென்ஸை மாற்ற வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். "நூறு சதவீத வேலை உறுதி" என்று எவனாவது சொன்னால், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அப்புறம் அவன் போன் வராது.

வீட்டை மட்டும் அடகு வைக்காதீர்கள், ஐயா. கடன் தவணை மாதா மாதம் வரும், ஏர்லைன் ஆளெடுப்பு அப்படி வராது. பையனுக்கு ஆசை இருக்கிறது, புரிகிறது. எனக்கும் இருந்தது. பணம் கட்டும் முன் என்னிடம் வாருங்கள், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பேசலாம். கட்டிவிட்டு வந்தால் காபி போட்டுத் தருவதைத் தவிர என்னால் ஒன்றும் ஆகாது.