பயிற்சி ஆலோசகரிடம் சொன்னது எங்கே போகும்?

உளவியல் ஆலோசனைக்கு வருபவர்களுக்கு, எதிரே அமர்ந்திருப்பவர் இன்னும் பயிற்சியில் இருப்பவர் என்பதை முதல் அமர்விலேயே சொல்லிவிட வேண்டும். நான் மேற்பார்வையின் கீழ் பணியாற்றும் பயிற்சி ஆலோசகர் என்றும், அமர்வுகளை மூத்த ஆலோசகர் ஒருவருடன் விவாதிப்பேன் என்றும், அங்கே பெயரோ ஊரோ சொல்லப்படாது என்றும் தெரிவித்த பிறகே பேச்சைத் தொடங்குகிறேன். "அப்போ பெரிய டாக்டர் பார்க்க மாட்டாங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆலோசகர்கள் மருத்துவர்கள் அல்லர் என்பதை விளக்கவும் அந்தக் கேள்வி இடம் தருகிறது. மூத்தவரிடமே பேச விரும்பினால், அதற்கு ஏற்பாடு செய்வதும் எங்கள் கடமை.

நம் ஊரில் ஆலோசனைக்குத் தனியாக வருபவர்கள் குறைவு. மகளை அழைத்து வரும் தாய் வெளியே காத்திருப்பார், அமர்வு முடிந்ததும் வாசலில் நம்மை மறித்து, "உள்ளே என்ன மேடம் சொன்னா? அந்தப் பையனை விட்டுட்டாளா இல்லையா?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார். கட்டணம் கட்டுபவர் அவர், கவலைப்படுபவரும் அவர். ஆகவே அவரை அதட்டி அனுப்புவது முறையாகாது. ஆனால் மகள் வயதுவந்தவர். அவர் அனுமதியின்றி ஒரு வரிகூடச் சொல்வதற்கு இல்லை. "அவங்க பேசினதை நான் சொல்ல முடியாதும்மா. வீட்டில நீங்க கவனிச்சதைச் சொல்லுங்க, கேட்டுக்கறேன். நீங்க சொன்னதை அவங்ககிட்டயும் சொல்லுவேன்" என்பதே என் வழக்கமான பதில். கடைசி வாக்கியம் மிகவும் முக்கியம்: தாயிடம் தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறோம் என்று மகளுக்குத் தோன்றிவிட்டால், அடுத்த வாரம் அவர் வந்தாலும் வாய் திறக்கமாட்டார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் ரகசியம் காக்கப்படுவதை அவரது உரிமையாகவே வரையறுத்திருக்கிறது.

அந்த ரகசியத்திற்கு எல்லையும் உண்டு. ஒருவருடைய உயிருக்கு ஆபத்து இருந்தாலோ, அவரால் பிறருக்குத் தீங்கு நேரக்கூடும் என்றாலோ, உரியவர்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். பதினெட்டு வயது நிறையாத குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல் துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் கொடுப்பது கட்டாயம். குடும்ப மானம் போய்விடும் என்று உறவினர்கள் கெஞ்சினாலும் இதில் விலக்கு இல்லை. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று கேட்பவரிடம் சத்தியம் செய்துவிடக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான். எல்லைகளை முன்கூட்டியே, அவசரமில்லாத நேரத்தில் சொல்லிவைத்தால், பிறகு அதை நம்பிக்கைத் துரோகமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கத்தான் பயிற்சியில் இருப்பவர்கள் பெரிதும் தயங்குகிறார்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் ஆதாரமற்றது; நேரடியாகக் கேட்கும்போது பலருக்கு ஒரு சுமை இறங்குகிறது. "ஏடாகூடமா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால், எதிர்பார்க்கும் பதிலை நாமே ஊட்டிவிடுகிறோம். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நிதானமாகக் கேட்டு, ஆம் என்றால் எப்போதிலிருந்து, திட்டம் ஏதும் உண்டா, வீட்டில் இன்று யார் உடன் இருக்கிறார்கள் என்று விசாரித்து, அவரைத் தனியே விடாமல், அமர்வு முடிவதற்குள்ளாகவே மேற்பார்வையாளரை அழைக்க வேண்டும். அடுத்த வாரக் கூட்டம்வரை காத்திருக்கும் விஷயம் அல்ல இது. அமர்வுகளுக்கு இடைப்பட்ட நாட்களுக்காக அரசின் இலவச மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலிமனாஸின் எண் 14416ஐ எழுதிக் கொடுக்கிறோம். இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் அந்தச் சேவையில் தமிழிலும் பேசலாம்.

மாத்திரையை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு மட்டும் எங்களிடம் பதில் இல்லை. அது மனநல மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. படபடப்பு என்று வருபவர்களையும் ஒருமுறை பொது மருத்துவரிடம் அனுப்புகிறோம், ஏனெனில் தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் அதே போன்ற பதற்றம் வரும்.

பயிற்சிக்காக அமர்வை ஒலிப்பதிவு செய்ய அனுமதி கேட்பதும் வழக்கம். வேண்டாம் என்று சொல்லலாம், பாதியில் நிறுத்தச் சொல்லலாம், மேற்பார்வையாளர் யார், அவர் தகுதி என்ன என்று கேட்கலாம். அதனால் ஆலோசனை மறுக்கப்படக் கூடாது.