விண்வெளி இசை நாடகமா, விண்வெளிப் பெருங்கதையா?

திருவையாற்றில் ஸ்பெஷல் நாடகங்களுக்கு நெடுங்காலம் ஆர்மோனியம் வாசித்த பெரியவர் ஒருவருக்கு, சென்ற மாதம் மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றைப் படிக்கக் கொடுத்தேன். பகை கொண்ட இரண்டு கோள்கள். ஒன்றின் படைத்தலைவனும் மற்றொன்றின் தூதுவராக வந்த பெண்ணும் காதல் கொள்கிறார்கள். யார் எந்தக் கொடியைக் கைவிடுவது என்பதே கதை. பின்னட்டையில் ‘காதல் ததும்பும் விண்வெளி இசை நாடகம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். நான்கு நாள் கழித்துக் கடைத்தெருவில் கண்டபோது அவர், “தம்பி, பாதிப் புத்தகம் தாண்டிட்டேன், பாட்டு எப்ப வரும்?” என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. ‘இசை நாடகம்’ என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பியவர், வேறெப்படிக் கேட்பார்?

அந்தப் பின்னட்டைச் சொல், ஆங்கிலத்தின் ‘ஸ்பேஸ் ஓபரா’வைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. ‘ஓபரா’ என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் ‘வேலை’, ‘ஆக்கம்’ என்றே பொருள். வசனமும் பாட்டாக அமைந்த மேடைக் கலைக்கு அது பின்னர் பெயராயிற்று. ‘ஸ்பேஸ் ஓபரா’ அந்த மேடையிலிருந்து நேரே வந்ததன்று. அமெரிக்க வானொலியில் 1930களில் சோப்பு நிறுவனங்களின் விளம்பரப் பணத்தில் ஓடிய கண்ணீர்த் தொடர்களை ‘சோப் ஓபரா’ என்று ஏளனம் செய்தார்கள். மாடு மேய்ப்பவர்கள் குதிரையேறித் துப்பாக்கி சுடும் படங்கள் ‘குதிரை ஓபரா’ எனப்பட்டன. அதே அச்சில், அரைத்த மாவையே அரைக்கும் விண்கப்பல் கதைகளைக் குத்திக்காட்ட 1941-இல் வில்சன் டக்கர் என்ற எழுத்தாளர் உண்டாக்கிய வசைச்சொல்தான் இது. 1970களுக்குப் பிறகு வசை தேய்ந்து, பல உலகங்களையும் பேரரசுகளையும் போரையும் காதலையும் விரித்துச் சொல்லும் கதைவகைக்கு மதிப்பான பெயராக நிலைத்தது.

ஆக, இச்சொல்லில் இசை தொடக்கம் முதலே இல்லை. அகராதியில் ‘ஓபரா’வுக்கு எதிரே இருப்பதை எடுத்து ‘விண்வெளி’யோடு ஒட்டுவது எழுத்தைப் பெயர்ப்பதேயன்றிப் பொருளைப் பெயர்ப்பதன்று. தொலைக்காட்சித் தொடர்களை நாம் ஒருநாளும் ‘சோப்பு இசை நாடகம்’ என்றதில்லை. ‘நெடுந்தொடர்’ என்றோம், வீட்டில் ‘சீரியல்’ என்கிறோம். மாலை வேளையில் கூடத்தில் அமர்ந்து தொடர் பார்க்கும் பாட்டிக்கு இருந்த தெளிவு, இரண்டு மொழியும் கற்ற மொழிபெயர்ப்பாளருக்கு இல்லாமற்போவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

எனக்குப் பெரிய மனக்குறை வேறொன்று. ‘இசை நாடகம்’ என்பது உரிமையாளர் இல்லாமல் தெருவில் கிடக்கும் சொல்லன்று. தில்லையாடியில் பிறந்து சீர்காழியில் வாழ்ந்த அருணாசலக் கவிராயர் (1711–1779) இராமன் கதை முழுவதையும் கீர்த்தனைகளாகப் பாடிவைத்தார். ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை உண்டு. மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி ஆண்களே பெண்வேடமும் கட்டி விடிய விடியப் பாடி ஆடும் பாகவத மேளா, தெலுங்கில் நடந்தாலும், இன்றும் நம் வயல்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. ஓபராவுக்கு உண்மையான நிகர் இவை. இவற்றுக்குரிய பெயரை விண்கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டால், இவற்றை நாளை என்னவென்று அழைப்பது?

‘விண்வெளிக் கூத்து’ என்பாரும் உண்டு. ‘இதென்ன கூத்து’ என்னும்போது வரும் ஏளனம் 1941-இன் தொனிக்கு நெருக்கமானது என்பதால் நானே சில காலம் அதன் பக்கம் சாய்ந்திருந்தேன். ஆனால் மூலத்தில் ஏளனம் போய்விட்டது. கூத்தும் கலையின் பெயர். ‘விண்வெளிக் காவியம்’ நூலைப் படிக்குமுன்பே பாராட்டிவிடுகிறது. ‘விண்வெளி ஓபரா’ என்று ஒலிபெயர்ப்பது நேர்மையானதுதான், ஆனால் தமிழ் மட்டும் அறிந்தவருக்கு ஒன்றும் சொல்லாது.

நான் முன்வைப்பது ‘விண்வெளிப் பெருங்கதை’. கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதை என்னும் பழந்தமிழ்க் காப்பியத்தை நினைத்துப் பாருங்கள். பிரச்சோதனன் என்னும் அரசன் எந்திர யானையைக் காட்டி ஏமாற்றிப் பகைநாட்டு மன்னன் உதயணனைச் சிறைப்பிடிக்கிறான். சிறைப்பட்டவன் அந்த அரசனின் மகள் வாசவதத்தைக்கு யாழ் கற்பித்துக் காதல் கொள்கிறான். தந்தையின் ஊரை விட்டு அவள் பத்திராபதி என்னும் பெண்யானை மேல் அவனோடு இரவில் போகிறாள். பிறகு, மனைவியே கதியென்று அரசை மறந்து கிடப்பவனை மீட்க, அமைச்சன் யூகி அவள் தீயில் மாண்டாள் என்று நம்பவைத்து அவளை மறைக்கிறான். இடையில் மகதத்து இளவரசியோடு மணமும் நடக்கிறது. பொறி, சூழ்ச்சி, பகைநாட்டுக் காதல், அரசுக்கும் அன்புக்கும் இடையே கிழியும் மனம் என எல்லாம் இருக்கின்றன. கோள் மட்டும்தான் இல்லை.

அது ஒரு நூலின் பெயராயிற்றே என்று தமிழாசிரிய நண்பர் ஒருவர் மறுத்தார். அந்தப் பெயரே ‘பிருகத்கதா’ என்ற பழைய கதைநூலின் பெயரை நேரே பெயர்த்தது. ‘பெரிய கதை’ என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. முன்னால் ‘விண்வெளி’ நிற்கும்போது மயக்கம் வர வழியுமில்லை.

அதே பின்னட்டை நாயகனை ‘பிளவுபட்ட விசுவாசங்களின் கைதி’ என்றும் சொல்லியது. உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுப்பதைச் ‘செஞ்சோற்றுக்கடன்’ என்று நெல் விளையும் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. செஞ்சோற்றுக்கடன் ஒருபுறமும் காதல் மறுபுறமும் இழுக்க நிற்கிறவன் என்று எழுதியிருந்தால் ஆர்மோனியக்காரர் முதல் பக்கத்திலேயே கதையைப் பிடித்திருப்பார்.

அவரிடம் இதில் பாட்டு இல்லை, உதயணன் கதை போன்றது என்று சொன்னேன். “அப்படின்னா அந்தப் பொண்ணு கடைசியில யார் பக்கம்?” என்று கேட்டுவிட்டு, நான் வாய் திறக்கும் முன் “சொல்லாதே” என்று கையமர்த்தி, புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.