‘கன்வர்ஜ் ஆயிடுச்சு சார்’

மதுரையில் அணு அமைப்புக் கணக்கீடு கற்க என்னிடம் வரும் மாணவர்கள், கணக்கு ஒரு விடையில் வந்து நின்றுவிட்டது என்று மகிழ்ச்சியோடு சொல்லும் சொல் இது. எனக்கு அங்கேதான் கவலை தொடங்குகிறது.

ஒரு மாணவர், இரண்டு எலக்ட்ரான்களை இழந்த கார்பன் அயனியை எடுத்துக்கொண்டார். அதன் 97.7 நானோமீட்டர் நிறமாலைக் கோட்டின் வீதத்தை, அதாவது அந்த ஒளியை அயனி எவ்வளவு வேகமாக உமிழ்கிறது என்பதை, சார்பியல் முறையில் அணுக்களைக் கணக்கிடும் கிராஸ்ப் (GRASP) நிரல்தொகுப்பில் கணக்கிட்டார். அந்த நிரல் பாபுஷ்கின் கேஜ், கூலும் கேஜ் என்று, ஒரே வீதத்தைக் கணக்கிடும் இரண்டு வழிகளில் விடை தரும். இரண்டும் வெகுவாக விலகி நின்றன. பிறர் ஏற்கெனவே வெளியிட்ட மதிப்புக்குப் பக்கத்தில் இருந்ததை மட்டும் அட்டவணையில் எழுதிவிட்டார். ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. அதுதான் முறை என்று நம்பியிருந்தார். இந்த நம்பிக்கை பல ஆய்வேடுகளுக்குள் போய்விடுமே என்பதால்தான் எழுதுகிறேன்.

நிரல் கன்வர்ஜ் ஆவது என்றால், நீங்கள் கொடுத்த எலக்ட்ரான் அமைப்புகளுக்குள் ஆர்பிட்டல்கள் (ஒவ்வோர் எலக்ட்ரானின் அலைவடிவங்கள்) மாறாமல் நின்றுவிட்டன, அவ்வளவே. கொடுத்த அமைப்புகள் போதுமா என்பது நிரலுக்குத் தெரியாது. அந்த மாணவர் தரைநிலைக்கு, அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலைக்கு, வெளி எலக்ட்ரான்கள் இரண்டும் 2எஸ் ஆர்பிட்டலில் இருக்கும் அமைப்பை மட்டும் கொடுத்திருந்தார். 2எஸ், 2பி ஆற்றல்கள் நெருக்கமானவை; ஆகவே இரண்டும் 2பி-இல் இருக்கும் அமைப்பு தரைநிலையில் கணிசமாகக் கலந்திருக்கும். அதை விட்டால் விடை தடம் மாறிவிடும். அப்புறம் 3, 4, 5 என ஒவ்வோர் அடுக்காக ஆர்பிட்டல்களைக் கூட்டி, விடை எங்கே நிலைக்கிறது என்று பார்க்க வேண்டும். அலைச்சார்பு (எல்லா எலக்ட்ரான்களையும் சேர்த்து விவரிக்கும் சார்பு) துல்லியமாக இருந்தால் இரண்டு கேஜும் ஒரே விடை தரும். இடைவெளி பெரிதாக இருந்தால் ஏதோ விடுபட்டிருக்கிறது. இடைவெளி சுருங்கியது என்பதாலேயே விடை சரி என்றும் ஆகாது.

சரி, இதற்கு ஐன்ஸ்டைனின் சார்பியல் எதற்கு என்று கேட்பார்கள். தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளைப் பாருங்கள் என்பேன். தங்கத்தின் 6எஸ் ஆர்பிட்டல் சார்பியலால் சுருங்குகிறது, 5டி மேலே ஏறுகிறது. அதனால் நீலம் உறிஞ்சப்பட்டு மஞ்சள் தெரிகிறது. ஒரே எலக்ட்ரான் மிஞ்சிய தங்க அயனியின் தரைநிலை ஆற்றலைக் கையாலேயே போட்டுப் பாருங்கள். சார்பியல் இல்லாத ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் பிணைப்பு ஆற்றல் சுமார் 84.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட்; 1928-இல் டிராக் தந்த சார்பியல் சமன்பாட்டில் சுமார் 93.5. இந்தப் பத்து சதவீதத்தைக் கையால் கண்டபின் நிரலைத் தொடுங்கள். கார்பன் லேசானது என்று சார்பியலை விட்டுவிடவும் முடியாது. அந்தக் கார்பன் அயனியின் 190.9 நானோமீட்டர் கோடு, சுழல்-சுற்றுப்பாதை இடைவினை என்னும் சார்பியல் விளைவு நிலைகளைக் கலப்பதால்தான் தோன்றுகிறது.

பெரிய கணினி இல்லையே என்று தயங்க வேண்டாம். கிராஸ்ப் இலவசமாகக் கிடைக்கிறது. நான்கு எலக்ட்ரான் அயனிக்கு சாதாரண லேப்டாப் போதும். பிரைட் இடைவினை (எலக்ட்ரான்களுக்கிடையேயான விசைக்கான சார்பியல் திருத்தம்), குவாண்டம் மின்னியக்கத் திருத்தங்கள் போன்ற நுண்திருத்தங்கள் ஆர்பிட்டல்கள் கிடைத்தபின் சேர்ப்பவை. முதல் வாரத்திலேயே அவற்றில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அந்த மாணவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இப்போது அவர் அட்டவணையில் அடுக்குக்கு ஒரு வரி. இரண்டு கேஜ் மதிப்புகளும் அடுத்தடுத்த பத்திகளில். 2பி அமைப்பு சேர்ந்த வரியில் எண் தாவியிருப்பதை அவரே பென்சிலால் வட்டமிட்டுக் கொண்டுவந்தார்.