‘முஸ்லிம் நாடு’: ஒரு சொல், மூன்று பொருள்

ஸலாம், இஸ்லாம், முஸ்லிம் ஆகிய மூன்றும் ஸீன், லாம், மீம் என்ற மூன்றெழுத்து அரபு வேரிலிருந்து வந்தவை. இஸ்லாம் என்றால் இறைவனுக்கு அடிபணிதல். முஸ்லிம் என்றால் அடிபணிந்தவர். நம் இலக்கணப்படி பார்த்தால் வினையாலணையும் பெயர். அதாவது அது ஆளைக் குறிக்கும் சொல். தொழுவதும் நோன்பு வைப்பதும் மனிதர்தானே, மண் அல்லவே! இடத்தைச் சொல்ல வேண்டி வந்தபோது பழைய அரபுச் சட்ட அறிஞர்கள் ‘தாருல் இஸ்லாம்’, அதாவது இஸ்லாத்தின் இல்லம், என்று வேறு சொல்லை வைத்துக்கொண்டார்கள். அங்கும் அவர்கள் பெரும்பாலும் பார்த்தது ஆட்சியையும் சட்டத்தையும்தான், தலைக்கணக்கை அல்ல.

இன்று நாம் ‘முஸ்லிம் நாடு’ என்று எழுதும்போது எதைச் சொல்கிறோம்? மக்களையா, அரசையா?

செனகலில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முஸ்லிம்கள். ஆனால் அரசு மதச்சார்பற்றது. 1960 முதல் இருபது ஆண்டுகள் அதிபராக இருந்த செங்கோர் ஒரு கத்தோலிக்கர். துருக்கி, இஸ்லாம் அரசு மதம் என்ற வரியை 1928-லேயே அரசியல் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. ஈரான், பாகிஸ்தான், மௌரித்தேனியா ஆகியவையோ பெயரிலேயே ‘இஸ்லாமியக் குடியரசு’ என்று வைத்திருக்கின்றன. வங்கதேசத்தின் கதை இன்னும் தெளிவானது. 1972 அரசியல் சட்டத்தில் மதச்சார்பின்மை. 1988-இல் இஸ்லாம் அரசு மதம். மக்கள் என்னவோ அதே மக்கள்தான்.

அப்புறம் மூன்றாவது பொருள் ஒன்று, அமைப்பில் உறுப்பினராக இருப்பது. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பில் 57 உறுப்பு நாடுகள். முஸ்லிம்கள் சிறுபான்மையாக உள்ள உகாண்டா, கயானா, சூரினாம் எல்லாம் அதில் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படியே 17 கோடி முஸ்லிம்கள் வாழ்ந்த இந்தியா இல்லை. 1969-இல் மொராக்கோவின் ரபாத்தில் நடந்த, இந்த அமைப்புக்கு அடித்தளமிட்ட மாநாட்டுக்கு அழைக்கப்பட்டு, பாகிஸ்தானின் எதிர்ப்பால் வெளியே நிறுத்தப்பட்டது.

சரி, தமிழில் எப்படி எழுதலாம்? ‘இசுலாமிய நாடு’ என்று எழுத்தை மாற்றினால் மட்டும் குழப்பம் தீராது. மக்களைச் சொன்னால் ‘முஸ்லிம் பெரும்பான்மை நாடு’. சட்டத்தைச் சொன்னால் ‘இஸ்லாத்தை அரசு மதமாகக் கொண்ட நாடு’. மலேசியாவுக்கு இரண்டும் பொருந்தும். இந்தோனேசியாவுக்கு முதலாவது மட்டும். ‘இஸ்லாமியக் குடியரசு’ என்பதை அந்தப் பெயரைத் தாங்களே சூடிக்கொண்ட நாடுகளுக்கு மட்டும் விட்டுவிடலாம். தலைப்பில் இடம் பத்தாது என்பார்கள். கூடுவது ‘பெரும்பான்மை’ என்ற ஒரே ஒரு சொல்தான்.