தக்காளிச் சாண்ட்விச் ஏன் சொதசொதக்கிறது?

முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் நெருங்கினால் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கிடையாது. அந்த நாட்களில் பின்னேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோவை மறித்து ஒரு றாத்தல் பாண் வாங்குவோம். தக்காளி, வெங்காயம், கறிமிளகாய் வைத்துத் தோசைக்கல்லில் வாட்டினால் சைவச் சாண்ட்விச். முதல் தடவை செய்தது வாயில் வைக்க முடியாமல் இருந்தது. ஓரம் கரிந்திருந்தது, நடு வெளிறி நனைந்திருந்தது.

குற்றவாளி தண்ணீர். தக்காளியின் எடையில் ஏறத்தாழ 95 வீதம் தண்ணீர்தான். அது 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். பாணின் மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை அடுப்பு கொடுக்கும் வெப்பமெல்லாம் அந்த ஈரத்தை ஆவியாக்கவே செலவாகும். மேற்பரப்பு 100 பாகையைத் தாண்டாது. ஆனால் நாங்கள் தேடும் அந்த முறுகல் வாசம் சுமார் 140 பாகைக்கு மேல்தான் மளமளவென்று பிறக்கும்.

அமினோ அமிலங்களைச் சர்க்கரையோடு சேர்த்துச் சூடாக்கினால் பழுப்பு நிறம் வருகிறது என்று 1912 இல் எழுதியவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார். அந்த இரண்டுமே பாணில் இருக்கின்றன: கோதுமைப் புரதம் ஒன்று, மாவிலிருந்து பிரிந்த சர்க்கரை மற்றது. அவை சேர்ந்து நூற்றுக்கணக்கான வாசப் பொருட்களைத் தரும். அவற்றில் ஒன்றைத்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். பாண் தோலுக்கு வாசம் தரும் அதே மூலக்கூறுதான் ரம்பை இலைக்கும் பாஸ்மதிச் சோற்றுக்கும் வாசம் தருகிறது. பருப்புக்கறிக்கு ரம்பை போட்டுத் தாளிக்கும் நாங்கள் பாண் தோலின் வாசத்தைக் கறிக்குள் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்றும் சொல்லலாம்.

ஆகவே முதல் வேலை, தக்காளியை வெட்டி உப்புத் தூவிப் பத்து நிமிடம் வைப்பது. உப்பு தண்ணீரை வெளியே இழுத்துவிடும். விதையோடு சேர்ந்த கூழை மட்டும் வீச வேண்டாம். நாவுக்கு ருசி தரும் குளூட்டமேட் சதையைவிடக் கூழில்தான் அதிகம். சின்ன வெங்காயம், செத்தல் மிளகாயோடு அதைச் சுண்ட வதக்கினால் தண்ணீர் போய் ருசி மிஞ்சும். அதைப் பாணின் உட்புறம் தடவுங்கள். சீஸ் விலை அதிகம் என்றால் எருமைத் தயிரைத் துணியில் கட்டி இரவு முழுதும் தொங்கவிடுங்கள். அது சீஸ்போல இழுபடாது. புளிப்பு ஏறும்போது பால்புரதத்தைப் பிணைக்கும் கல்சியம் கரைந்துவிடுகிறது. ஆனால் எருமைப்பாலின் கொழுப்பு மிளகாயின் உறைப்பை நன்றாகத் தாங்கிக்கொள்ளும்.

பாண் முந்தின நாளையதாக இருந்தால் நல்லது. பழசானால் மாச்சத்து இறுகிவிடும், அமர்த்தினாலும் களியாகாது. சூடேறியதும் உள்ளே மறுபடி மென்மையாகும்.

எண்ணெயை வெளிப்புறத்தில் பூச வேண்டும். பாண் துண்டின் முகம் கண்ணுக்குத்தான் தட்டை. உண்மையில் எங்கும் குழிகள். குழிகளில் இருப்பது காற்று, அது வெப்பத்தை லேசில் கடத்தாது. எண்ணெய் அந்த இடைவெளியை நிரப்பும். பட்டர் என்றால் வாசம் கூடும். ஆனால் அதில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர் என்பதால் முதலில் சீறி ஆவி போக வேண்டும். மேலே ஒரு தட்டு வைத்து அதன்மேல் அம்மிக் குழவியைக் கிடத்திவிட்டால் கடையில் விற்கும் சாண்ட்விச் மெஷின் தேவையில்லை.

கல் எவ்வளவு சுட வேண்டும்? ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சீறி மறைந்தால் சரி. முத்துப்போல உருண்டு ஓடினால் அதிகம்: தன் ஆவியின்மேலேயே சொட்டு மிதக்கிறது. இதை 1756 இல் விவரித்த ஜெர்மன் மருத்துவர் லைடன்பிராஸ்டின் பெயரால்தான் இன்றும் சொல்கிறார்கள். அந்தச் சூட்டில் உள்ளே காய முன் வெளியே கரியும். விறகடுப்பில் நெருப்பைப் பின்னுக்கு இழுத்து, தணலில் நான்கைந்து நிமிடம் வாட்டுங்கள்.

எடுத்தவுடன் பீங்கான் தட்டில் வைக்காதீர்கள். உள்ளிருந்து வரும் ஆவி அடியில் குளிர்ந்து மீண்டும் தண்ணீராகும், பட்டபாடு வீண். அம்மம்மாவுக்கு மயார் யாரென்று தெரியாது. "பாண் வேர்க்குது பிள்ளை, இடியப்பத் தட்டில எடுத்து வை" என்பா.