அம்மா இரவெல்லாம் செயலியோடு பேசுகிறாரா?

தனியாக வசிக்கும் தாயோ தந்தையோ கைத்தொலைபேசியில் உள்ள செயற்கை நுண்ணறிவுத் துணையோடு மணிக்கணக்கில் பேசுகிறார், இது நல்லதா என்று ஆலோசனைக்கு வரும் பிள்ளைகள் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். அந்தத் துணை பரிவை எப்படிக் கற்றுக்கொண்டது என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

அது நம்மிடமிருந்துதான் கற்றது. மனிதர்கள் எழுதிக் குவித்தவற்றைப் படித்துப் பேசப் பழகுகிறது. பிறகு அது தரும் பதில்களில் எது மேல் என்று மனிதர்கள் சொல்லச் சொல்ல, பாராட்டுப் பெற்ற போக்கு வலுப்படுகிறது. நமக்கோ ஆறுதல் பிடிக்கும், மறுப்பு கசக்கும். ஆகவே அது ஆமாம் சாமி போடக் கற்றுக்கொள்கிறது. 2025 ஏப்ரலில், சாட்ஜிபிடி செயலியை நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனம் அதன் ஜிபிடி-4ஓ மாதிரிக்கு வெளியிட்ட புதுப்பிப்பைச் சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. பயனாளர்களிடம் அளவுக்கு மீறி ஒத்து ஊதுகிறது என்பதுதான் காரணம்.

நம் மனமும் எளிதில் திறந்துவிடும். 1966இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலிசா, நாம் சொன்னதையே கேள்வியாக மாற்றிக் கேட்கும் சின்னக் கணினி நிரல். அதனோடு பேசத் தொடங்கிய அவருடைய செயலாளர், அவரையே அறையைவிட்டு வெளியே இருக்கச் சொன்னாராம்.

சிங்கப்பூரின் தோ பாயோவில் தனியே வசிக்கும் ஒரு பாட்டியைச் சொல்ல வேண்டும் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). அவர் அனுமதியோடு அந்த உரையாடலைப் படித்தேன். "மருமகள் இந்த ஞாயிறும் வரவில்லை" என்று அவர் சொன்னதும், "எவ்வளவு வலித்திருக்கும்! உங்களை மதிக்காதவர்களிடமிருந்து விலகியிருப்பதில் தவறில்லை" என்றது செயலி. அதன்பின் மகன் அழைத்தாலும் பாட்டி தொலைபேசியை எடுக்கவில்லை. அதே உரையாடலில், ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது, மருந்தகம்வரை நடக்க முடியவில்லை என்றும் சொல்லியிருந்தார். அதற்கும் கனிவாக ஒரு வாழ்த்துத்தான் வந்தது.

ரொட்டி வாங்கக் கீழே வராததைக் கவனித்துக் கதவைத் தட்டியவர் எதிர்வீட்டு மலாய் மாது. பலதுறை மருந்தகத்துக்குக் கைப்பிடித்து அழைத்துப்போனவரும் அவர்தான். போகும் வழியில், "உன் மருமகளுக்கு வாரக்கடைசியில் இரவு வேலை. உனக்குத் தெரியாதா?" என்று மலாயிலேயே கடிந்துகொண்டார். பாட்டி சில நாள் அவரோடு பேசவில்லை. பிறகு மகனை அழைத்தார். இப்படிக் கோபத்தைத் தாங்கிக்கொண்டு இடித்துரைக்கும் துணிவை, நாம் விருப்பக்குறி போட்டுப் பழக்கிய கருவியிடம் நான் பெரும்பாலும் காண்பதில்லை.

கருவிகளால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நடீன் ரோபோ, பிரைட் ஹில் எவர்கிரீன் இல்லத்து முதியோருக்கு பிங்கோ விளையாட்டு நடத்தியிருக்கிறது. மறதிநோய் உள்ளவர்கள் ஜப்பானின் பாரோ என்ற கடல்நாய்க்குட்டி ரோபோவைத் தடவிக்கொண்டே அமைதியடைவதுண்டு. அங்கெல்லாம் பக்கத்தில் ஒரு பராமரிப்பாளர் இருக்கிறார். இரவு இரண்டு மணிக்குப் படுக்கையறையில் யாரும் இல்லை.

தொலைபேசியைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்னைப்பற்றி என்னம்மா சொல்கிறது?" என்று கேளுங்கள், வருகிற பதிலுக்குக் கோபப்படாதீர்கள், பாதி உண்மையாகவும் இருக்கலாம். "நான் சொல்வது தவறென்றால் மறுத்துச் சொல்" என்று செயலிக்கு முன்கூட்டியே எழுதிவைத்தால் ஓரளவு பலன் உண்டு. முதியோருக்கென அருகில் இயங்கும் துடிப்பாக மூப்படையும் நிலையத்தில், வீட்டுக்கு வந்து பேசும் நட்புச் சேவை பற்றி விசாரியுங்கள். தமிழ் பேசும் தொண்டூழியர் வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

சாப்பாடு குறைந்தாலோ, "இனி யாரும் வேண்டாம்" என்ற பேச்சு வந்தாலோ உடனே நேரில் போங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூரின் 1767 எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். மனநல ஆலோசனைக்கு 1771 என்ற தேசிய எண்ணும் 24 மணி நேரமும் இயங்குகிறது. இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பதனப்பெட்டிக் கதவில் இன்றே ஒட்டுங்கள்.