ஓய்வுபெற்ற சாம்பியன் மறுபடியும் சைக்கிள் ஏறினால்

ஓய்வை அறிவித்துவிட்டுத் திரும்பி வந்து ஜெயித்த சைக்கிள் வீரர்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். அமெரிக்காவின் கிறிஸ்டின் ஆம்ஸ்ட்ராங் 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார், அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார், 2010இல் தாயானார், 2012 லண்டனில் மறுபடியும் தங்கம் வாங்கினார். பிறகு இன்னொரு ஓய்வு, இன்னொரு வருகை. 2016 ரியோவில் மூன்றாவது தங்கம் வாங்கிய மறுநாள் அவருக்கு 43 வயது. நெதர்லாந்தின் டாம் டூமுலன் 2021 ஜனவரியில் போதும் என்று ஒதுங்கினார், ஜூனில் திரும்பினார், ஜூலைக் கடைசியில் டோக்கியோவில் வெள்ளி வாங்கினார். அதே நாட்டின் அன்னா வான் டெர் பிரெகன் 2021 முடிவில் ஓய்வு பெற்று, தன் அணிக்கே வழிகாட்டியாக இருந்துவிட்டு, 2025இல் திரும்பி உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார்.

இத்தனை பதக்கங்களும் டைம் ட்ரையலில் வந்தவை. அதாவது ஒவ்வொருவராகக் கிளம்பி, தனியாக, கடிகாரத்தோடு மட்டும் மோதும் பந்தயம். நூற்றுச் சொச்சம் பேர் ஒன்றாகக் கிளம்பும் சாலைப் பந்தயத்தில் இப்படிப்பட்ட கதைகள் அரிது. வான் டெர் பிரெகன் 2025இல் ஸ்பெயின் சுற்று என்ற பல நாள் சாலைப் பந்தயத்தில் மூன்றாம் இடம் பிடித்தார், அது உண்மைதான். ஆனால் பெண்களுக்கான அந்தப் பந்தயம் 7 நாள், ஆண்களுக்கானது 21 நாள். ஓய்விலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 2009 பிரான்ஸ் சுற்றில் (டூர் டி பிரான்ஸ்) மூன்றாவதாக வந்ததைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். ஊக்கமருந்து விவகாரத்தில் 1998 ஆகஸ்டுக்குப் பிந்தைய அவருடைய முடிவுகள் அத்தனையும் 2012இல் அழிக்கப்பட்டன. அதை வைத்து உடலைப் பற்றி எதையும் சொல்ல முடியாது.

வட சென்னையில் 'விட்டவன் திரும்பலாமா' என்ற பேச்சு பெரும்பாலும் பாக்சிங்கை வைத்துத்தான் வரும். பாக்சிங்கில் பதில் சொல்வது கஷ்டம். எதிராளி யார் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். சைக்கிளில் பெடலை மிதிக்கும் சக்தியை வாட் கணக்கில் அளந்துவிடலாம் என்பதால், எது திரும்பும், எது திரும்பாது என்று ஓரளவு துல்லியமாகவே சொல்ல முடிகிறது.

முதலில் போவது ரத்தத்தின் அளவு. பயிற்சியை நிறுத்திய மூன்று வாரத்துக்குள் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதி, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைவதால் ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளியே தள்ளும் அளவும் குறைகிறது. பல ஆண்டு பயிற்சி பெற்ற 7 பேரை 84 நாள் சும்மா இருக்கவைத்து 1984இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு முதல் மூன்று வாரத்தில் 7 சதவீதமும், எட்டு வார முடிவில் 16 சதவீதமும் சரிந்தது. அதற்குமேல் சரியவில்லை. தசைக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் என்சைம்கள் பெரிய அளவில் விழுந்தன. ஆனால் தசையைச் சுற்றியுள்ள நுண் ரத்தக்குழாய்கள் அப்படியே நின்றன. ஆண்டுக்கணக்கில் போட்ட பாதை அவ்வளவு சீக்கிரம் தூர்ந்துபோவதில்லை.

போனதில் பெரும்பகுதி போன வேகத்திலேயே திரும்பும். பிளாஸ்மா ஓரிரு வாரத்தில் ஏறிவிடும், என்சைம்களுக்கு ஆறிலிருந்து பத்து வாரம் ஆகும். சிவப்பணுக்களின் மொத்த அளவு இன்னும் மெதுவாகத்தான் கூடும். ஒரு சிவப்பணுவின் ஆயுளே சுமார் 120 நாள்.

1966இல் டல்லஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் கட்டிலில் படுக்கவைத்துச் சோதித்தார்கள். அதே ஐவரை 30 ஆண்டு கழித்துக் கூப்பிட்டு ஆறு மாதம் பயிற்சி கொடுத்தபோது, ஆக்சிஜன் அளவு அவர்களுடைய 20 வயது நிலைக்கே திரும்பியது. பலரும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த ஆய்வின் அடுத்த வரிதான் சாம்பியனுக்கு முக்கியம்: 1966இல் படுக்கையிலிருந்து எழுந்து கடும் பயிற்சி செய்து எட்டிய உச்சத்தை ஐவரில் ஒருவரும் மறுபடி எட்டவில்லை. சாதாரண நிலை திரும்பும், சிகரம் திரும்பாது.

இதற்கு ஒரு முக்கியக் காரணம் இதயத்தின் உச்சத் துடிப்பு, அதாவது ஒரு நிமிடத்தில் அது அதிகபட்சம் எத்தனை முறை துடிக்க முடியும் என்பது. 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் சராசரி வந்துவிடும்: 26 வயதில் 190, 36 வயதில் 183. இந்த ஏழு துடிப்பை எந்தப் பயிற்சியாலும் மீட்க முடியாது.

இனி ஒரு கணக்கு. பெரம்பூரில் ஒரு முன்னாள் சாம்பியன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உச்சத்தில் எடை 68 கிலோ, ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் சக்தி 380 வாட். நாலு வருடம் விட்டுவிட்டார், இப்போது 77 கிலோ, 270 வாட். ஆறேழு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து 71 கிலோவுக்கும் 345 வாட்டுக்கும் வந்துவிட்டார். பழைய சக்தியில் 9 சதவீதம் குறைவு.

சமதளத்தில் தனியாக ஓட்டும்போது எதிரி காற்றுதான். காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி வேகத்தின் கன மடங்காக ஏறும், அதாவது வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். அதனால் 9 சதவீத சக்தி குறைந்தால் வேகம் 3 சதவீதம்தான் குறையும். முன்பு மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் 40 கி.மீட்டரை 53 நிமிடம் 20 விநாடியில் முடித்தவர், இப்போது ஏறக்குறைய ஒன்றே முக்கால் நிமிடம் தாமதமாக வருவார். உடலை இன்னும் தாழ்த்தி உட்காருவது, ஒட்டிய உடை, நல்ல டயர் ஆகியவற்றால் இதில் பாதியையாவது திருப்பிப் பிடிக்க வழியுண்டு. மலை ஏற்றத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே எதிரி எடை. 8 கிலோ சைக்கிளையும் சேர்த்துப் பார்த்தால் முன்பு 30 நிமிடத்தில் ஏறிய மலைக்கு இப்போது 34 நிமிடத்துக்கு மேல் ஆகும். தொழில்முறைப் பந்தயத்தில் நாலு நிமிடம் என்றால் அன்றைக்குக் கதை முடிந்தது.

கூட்டத்தில் ஓட்டுவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்றின் எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்குபோலக் குறையும். ஆனால் அந்த இடத்தைப் பிடித்துவைக்க ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் விருட்டென்று எகிற வேண்டும். காசிமேட்டிலிருந்து மீன்பாடி வண்டி மிதிப்பவரைக் கேளுங்கள்: காலி ரோட்டில் ஒரே சீராக மிதிப்பது பெரிய விஷயமில்லை, சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்புவதுதான் உயிரை வாங்கும் என்பார். அதே இயற்பியல்தான். ஒரு மணி நேரம் தாங்கும் சக்திக்கு மேலே செலவழிக்க உடம்பில் சுமார் 20 கிலோஜூல் கையிருப்பு உண்டு. நம்மவர் 345 வாட்டுக்கு மேலே போய் 550 வாட்டில் 20 விநாடி எகிறினால் அதில் 4 கிலோஜூல் போய்விடும். இடைவெளி இல்லாமல் ஐந்து முறை எகிறினால் கையிருப்பு காலி. நாலு மணி நேரம் ஓட்டிய பிறகு இந்தக் கையிருப்பே சுருங்கிவிடும். தொடர்ந்து பந்தயத்தில் இருப்பவர்களுக்குக் குறைவாகச் சுருங்கும், விட்டுப்போனவர்களுக்கு அதிகமாக.

ஆகவே திரும்ப நினைப்பவர் தன்னைச் சோதிக்க வேண்டியது முதல் மணியில் அல்ல. காலையில் எழுந்ததும் 20 நிமிடம் முழு மூச்சாக மிதித்து, அந்தச் சராசரியில் 95 சதவீதத்தை ஒரு மணி நேர சக்தி என்று குறித்துக்கொண்டு சந்தோஷப்படுவது வழக்கம். அதோடு இன்னொன்றும் செய்ய வேண்டும். ஒருநாள் ஓய்வாக இருக்கும்போது 5 நிமிட உச்சத்தை அளந்துவையுங்கள். வேறொரு நாள் 2,000 கிலோஜூல் செலவாகும்வரை, அதாவது 185 வாட் சராசரியில் மூன்று மணி நேரம், ஓட்டிவிட்டு அதே 5 நிமிடத்தை மறுபடி அளக்கவும். வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் சாலைப் பந்தயத்தை மறந்துவிடலாம் என்பது எங்கள் அளவுகோல்.

இந்த ஊரின் தரையும் டைம் ட்ரையலுக்குத்தான் சாதகம். மணலி புதுநகரிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு வரை மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. வண்டலூரிலிருந்து வரும் 62 கி.மீ. வெளிவட்டச் சாலை மீஞ்சூரில்தான் முடிகிறது. பெடலை நிறுத்தாமல் ஒரே அழுத்தத்தில் 40 நிமிடம் மிதிக்க இதைவிட நல்ல தரை வேண்டாம். கோடையில் பகலில் கிளம்பும் கடல்காற்றை எதிர்த்து ஓட்டினால் மலைக்குப் பாதி ஈடு. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு 60 கி.மீ. வேகம் எடுக்கும் பையன்களைப் பார்க்கலாம். லாரி பிரேக் போட்டால் பார்த்து நிற்க ஒரு விநாடிகூட இருக்காது, அதில் பயிற்சிப் பயனும் இல்லை.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மனித உடலின் எந்திரத் திறன் 23 சதவீதம்போல. பெடலில் 250 வாட் வர வேண்டுமென்றால் உள்ளே 1,087 வாட் எரிகிறது, மிச்ச 837 வாட்டும் வெப்பம். அதை வெளியேற்ற மணிக்கு 1.24 லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். ஆவியாக வேண்டும் என்பதுதான் விஷயம். ஹேண்டில்பாரில் சொட்டி ஓடும் வியர்வை ஒரு டிகிரியும் குளிர்விக்காது. விடியற்காலை நாலரை மணிக்கு வெப்பம் குறைவாக இருந்தாலும் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும், ஆகவே இரண்டு லிட்டர் ஊற்றினால்தான் தேவையான அளவு ஆவியாகும். இதில் ஒரு லாபமும் உண்டு. பத்துப் பதினாலு நாள் தினமும் ஒரு மணி நேரம் வெக்கையில் மிதமாக ஓட்டினால் பிளாஸ்மா கூடும். முதலில் தொலைத்தது எதுவோ, அதுவே முதலில் திரும்பிக் கிடைக்கும்.

சாப்பாட்டுக் கணக்கும் பழைய மாதிரி இல்லை. பழைய வீரருக்கு மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் உறிஞ்சும் எல்லை அதுதான். ஃபிரக்டோஸ் வேறு வாசல் வழியாகப் போவதால் இரண்டையும் கலந்தால் 90, பழகினால் 120 கிராம் வரைகூடப் போகும். வெளிநாட்டு ஜெல் வாங்கத் தேவையில்லை. மளிகைக்கடைச் சர்க்கரை பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். 750 மில்லி பாட்டிலில் 90 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. இது ஒரு மணி நேரத்துக்கு. கூடவே வெறும் தண்ணீர் இன்னொரு பாட்டில். முதல் வாரமே 90 போட்டால் வயிறு கலக்கும். 50இல் தொடங்கி வாரம் 10 கிராம் ஏற்றவும். முடிந்ததும் வாய் கொப்பளிக்காவிட்டால் பல் போகும்.

தப்பு எங்கே நடக்கிறது? பெரும்பாலும் ஆறாவது வாரத்துக்கும் பத்தாவது வாரத்துக்கும் இடையில், முழங்காலில். அதற்குள் இதயமும் ரத்தமும் தேறிவிடும், மூச்சு வாங்காது, மூளைக்குப் பழைய பெரிய கியர் ஞாபகம் வரும். தசைநாண் மட்டும் பின்தங்கி இருக்கும், அது இறுக மாதக்கணக்காகும். முழங்கால் சிப்பிக்குக் கீழே குத்தும் வலி வந்தால் கியரைக் குறைத்து, நிமிடத்துக்கு 90 சுற்றுக்கு மேல் மிதிக்கவும். வாரம் இருமுறை எடை வைத்து உட்கார்ந்து எழுவதை முதல் வாரத்திலிருந்தே தொடங்க வேண்டும், இறங்க மூன்று விநாடி, ஏற மூன்று விநாடி. சைக்கிள் மட்டுமே ஓட்டியவர்களின் எலும்பு அடர்த்தி குறைவாக இருப்பது சகஜம், அதற்கும் இதுவே மருந்து.

பழைய சைக்கிளைப் பழைய அளவிலேயே ஓட்டுவது அடுத்த தப்பு. தொடையின் பின்பக்கம் இறுகியிருக்கும். சீட்டை 5 மில்லிமீட்டர் இறக்கி, ஹேண்டில்பாரை 2 சென்டிமீட்டர் ஏற்றித் தொடங்கி, இரண்டு மாதத்தில் படிப்படியாகப் பழைய இடத்துக்கு வரலாம். டயரையும் மாற்றவும். 23 மில்லிமீட்டர் டயரில் 115 பி.எஸ்.ஐ. அடித்த காலம் போய்விட்டது. 28 மில்லிமீட்டரில் 75 போதும், நம் ரோட்டில் அதுவே வேகமும்கூட.

எடையை வாரம் அரைக் கிலோவுக்கு மேல் குறைக்கக்கூடாது, கடுமையான பயிற்சி வாரங்களில் குறைக்கவே கூடாது. பயிற்சி நேரம் வாரத்துக்கு எட்டு மணி நேரத்தில் தொடங்கி வாரம் பத்து சதவீதமாக ஏறட்டும், நாலாவது வாரம் மூன்றில் ஒரு பங்கு குறையட்டும். முதல் மூன்று மாதம் ஐந்தில் நாலு பங்கு நேரம் பேசிக்கொண்டே ஓட்டும் வேகம்தான். இதையெல்லாம் தொடங்குவதற்கு முன், 35 வயது தாண்டியவர் இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் மூன்றும் பார்த்துவிட வேண்டும். பல ஆண்டு நீண்ட தூரம் ஓட்டியவர்களுக்கு இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. ரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் அளவு, 30க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்தைச் சரிசெய்யாமல் எவ்வளவு மிதித்தும் சிவப்பணு ஏறாது.

கடைசியாக ஒரு காகித வேலை. ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் இருந்தபோது ஓய்வு பெற்றவர், திரும்பப் போட்டியிட ஆறு மாதம் முன்பே எழுத்தில் தெரிவித்து, அந்த ஆறு மாதமும் சோதனைக்குக் கிடைக்க வேண்டும். தினமும் எந்த ஒரு மணி நேரம் எங்கே இருப்பார் என்றும் பதிய வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் மருந்தே எடுக்காவிட்டாலும் குற்றம். அதனால் பயிற்சி தொடங்கும் வாரமே கடிதம் போய்விடட்டும். மருந்துக்கடையில் சளிக்கு வாங்கும் மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள், போட்டி நாளில் அது அளவு மீறினால் தடை. ஜிம்மில் பெயர் தெரியாத டப்பாவில் விற்கும் பவுடர் பக்கம் போகவே வேண்டாம்.